பாத்துட்டுத் திட்டு

உன் பையில் தொங்குகிறதே, நெற்றியில் சிவப்புத் துணி கட்டின பொம்மை, அது நான்தான்.

சிரிக்காதே. நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்த ஜப்பான் கார்ட்டூனில் இசாமு தமிழில் பேசினானே, அந்தக் குரல் என்னுடையது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாய். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். இப்போது பேசிக் காட்டச் சொல்லாதே. சாயங்காலம் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. அங்கே பேச வேண்டும். அதுவரைக்கும் தொண்டையைக் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் உன்னை ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னேன். காற்று எனக்கு ஆகாது. கழுத்தில் இந்தத் துண்டும் அதற்காகத்தான். பங்குனி வெயிலில் யாராவது குளிருக்குத் துண்டு சுற்றுவார்களா?

நீயும் விழுப்புரம்தானா? நல்லது. பேச்சுத் துணை.

திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிற்கும் என்றார் கண்டக்டர். அங்கே என் பையன் வருகிறான். திலீபன். அந்த ஊரில்தான் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலையில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், இந்த பஸ்ஸில் வருகிறேன், ஸ்டாண்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போ என்று. கேட்டுவிட்டான். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. வருவான்.

என் குரல் இப்படித்தான், சின்ன வயதிலிருந்தே. போனை எடுத்து ஹலோ என்றால் போதும், ‘தம்பி, அம்மாகிட்ட குடு’ என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் பாடம் வாசிக்க எழுந்தால் பின் பெஞ்சிலிருந்து ‘டேய் கோதை’ என்று ஒரு சத்தம் வரும். என் பெயர் பூங்கோதை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா காபித் தட்டைக் கையில் கொடுத்து, ‘என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு’ என்றாள். ஆட்டினேன். அடக்கமான பெண் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். கல்யாணத்தன்று இரவு நான் ‘விசிறி வேணுமா’ என்று கேட்டேன். அவர், அறையில் யாரோ பையன் இருக்கிறான் என்று திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர். அப்புறம் பழகிவிட்டார். யாருக்குத்தான் மறைக்க ஒன்று இல்லை, சொல்லு. மறைத்து வைத்தால் குடும்பம் நடக்கும்.

பிறகு அந்தக் குரலுக்கே வேலை வந்தது. டப்பிங்கில் சின்னப் பையன்களுக்கெல்லாம் பெண்கள்தான் பேசுவோம். நிஜப் பையனை வைத்துப் பேசினால் இரண்டு வருடத்தில் குரல் உடைந்துவிடும். எங்களுக்கு உடையாது. அதுதான் எங்கள் தகுதி. சவுண்ட் இன்ஜினியர் எட்வின் என் குரலைக் கேட்டுவிட்டு, ‘அக்கா, நீங்க இத்தன நாளா எங்க இருந்தீங்க’ என்றான். வீட்டில்தான் இருந்தேன், தலையை ஆட்டிக்கொண்டு.

கார்ட்டூன் என்று சொன்னால் உங்களுக்கெல்லாம் கோபம் வருகிறது. அனிமே. சரி. அவன் கதை உனக்குத் தெரியும்தானே? பிறக்கும்போதே நெற்றியில் ஒரு கொம்பு. அந்த ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அம்மாக்காரி ஒரு சிவப்புத் துணியால் அதை மறைத்துக் கட்டிவிட்டு, யார் முன்னாலும் அவிழ்க்காதே என்கிறாள். அந்தக் கட்டோடுதான் மலை ஏறுகிறான், கடல் தாண்டுகிறான், அரக்கர்களை அடிக்கிறான். நீ கவனித்திருக்கிறாயா, அவன் ஒரு கையால்தான் சண்டை போடுவான். மற்றக் கை கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாதி பலத்தில்தான் அத்தனை பேரையும் ஜெயித்துக்கொண்டிருந்தான். எனக்கே அது கடைசி சீசனில்தான் தெரிந்தது. எங்களுக்கு முழுக்கதை தெரியாது. என் வரி வருகிற இடத்தை மட்டும்தான் ஓட்டிக் காட்டுவார்கள். பேசிவிட்டு வந்துவிட வேண்டியது. அவன் குத்து வாங்கினால் ஒரு சத்தம், கொடுத்தால் ஒரு சத்தம், மேலேயிருந்து விழுந்தால் ஒரு சத்தம். அதையெல்லாம் சேர்த்து ஒருநாள் தனியாக எடுப்பார்கள். வெளியே காத்திருக்கிற புது ஆர்ட்டிஸ்டுகள் பயந்துபோவார்கள், உள்ளே யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று.

அந்தச் சுனைக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? தனியாக உட்கார்ந்து கட்டை அவிழ்த்துவிட்டுத் தண்ணீரில் முகத்தைப் பார்ப்பானே. ‘இதுவும் நான்தான்.’ அந்த ஒரு வரிக்கு எட்வின் திரும்பத் திரும்ப டேக் கேட்டான். ‘கோதைக்கா, நீங்க அவனுக்கு ஆறுதல் சொல்ற மாதிரி இருக்கு. அவனே நம்பிச் சொல்லணும்’ என்றான். நம்பிச் சொல்வது என்றால் எப்படி? கடைசியில் மூச்சைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். ஓகே ஆகிவிட்டது. நம்பிக்கை என்பதெல்லாம் மூச்சில்தான் இருக்கிறது.

திலீபனுக்கு இசாமு என்றால் உயிர். பெருமை வேறு, அம்மா குரலாச்சே. சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தால் இசாமு குரலில் ஒரு அதட்டு, தட்டு காலியாகிவிடும். என்னுடைய சிவப்புத் துப்பட்டாவை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வான். மற்றப் பிள்ளைகள் நெற்றியில் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். இவனுக்கு அது வராது. உச்சியில் சொருகி, பின்னால் நீளமாகத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் எடுத்துத் தோளில் முன்னால் போட்டுக்கொள்வான். கண்ணாடி முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பி அது ஆடுகிறதா என்று பார்ப்பான். ‘இசாமு அப்படிக் கட்ட மாட்டான்டா’ என்று நான்தான் அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் சரி செய்ய வேண்டும். அதுவரை அவன் ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் முழங்காலில் வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி நிற்பான். பயந்தாலும் அப்படித்தான், காத்திருந்தாலும் அப்படித்தான். ரேஷன் கடை வரிசையில்கூட. காலை இறக்குடா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

மதுராந்தகம் தாண்டிவிட்டதா? ஏரியைப் பார்க்காமல் விட்டுவிட்டோமே. பேசிக்கொண்டே வந்தால் இப்படித்தான். எனக்கு ஒரு பெண் பிள்ளை இல்லை, அது ஒன்றுதான் குறை. இருந்திருந்தால் இப்படித்தான் உன்னோடு பேசுகிற மாதிரி பேசிக்கொண்டு எங்கேயாவது போய்வரலாம். பையன்கள் பேச மாட்டார்கள்.

அவன் பேசினான், ஒருநாள். அவன் அப்பா இறந்த மறுவருடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான். ‘அம்மா, நான் பையன் இல்லம்மா’ என்றான். சின்ன வயதிலிருந்தே இல்லையாம். உள்ளே பெண்தானாம். டாக்டரைப் பார்த்துவிட்டானாம், இனிமேல் பெண்ணாகத்தான் இருக்கப் போகிறானாம், பெயர்கூட வைத்துவிட்டானாம். அடுப்பை அணைத்தேன். சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன்.

நியாயமாகத்தான் சொன்னேன். ‘நானும்தான் வருஷக்கணக்காப் பையனாப் பேசறேன். போன எடுத்தா ஊரே என்னத் தம்பிங்குது. அதுக்காக வேட்டி கட்டிக்கிட்டா திரியறேன்? தொழில் வேற, பொறப்பு வேற.’ இதில் என்ன தப்பு இருக்கிறது? அதற்கு அவன் சொல்கிறான், ‘நானும் இத்தன வருஷமா டப்பிங்தாம்மா பண்ணிட்டிருந்தேன்’ என்று. என் தொழிலைக் கேலி செய்கிறான், பார். அவனைப் படிக்க வைத்த தொழில்.

அந்தப் புதுப் பெயரை உன்னிடம் சொல்லலாம். ஆனால் அது என் வாயில் வராது. எத்தனையோ ஜப்பான் பெயர்களை ஒரே டேக்கில் சொன்ன வாய். அது மட்டும் வரவில்லை. என்ன செய்ய.

அப்புறம் அவன் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போய்விட்டான். நான் போகச் சொல்லவில்லை. இப்படியே இருந்தால் இங்கே இருக்க முடியாது என்றுதான் சொன்னேன். சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் வந்தான். வருவதற்கு முன்னால் மெசேஜ் போட்டிருந்தான், நான் நானா வரேம்மா, பயப்படாத என்று. எனக்கென்ன பயம். எதிர் ஃப்ளாட்டில் ஆள் இருக்கிற நேரம், அதுதான். பெல் அடித்தது. கதவில் லென்ஸ் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. புடவையா சுடிதாரா, எனக்குத் தெரியாது. கதவுக்குக் கீழே இடைவெளி வழியாக ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. மெல்லிசு வார் வைத்த செருப்பு. ஒரு பாதம்தான். இன்னொரு பாதம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பக்கம் நின்றபடியே திட்டினேன். என்னென்னவோ வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான். ‘அம்மா, கதவத் தொற. பாத்துட்டுத் திட்டு. பாக்காமத் திட்டாத.’

அழவில்லை. சத்தமும் போடவில்லை. அந்தத் ‘திட்டு’ கொஞ்சம் மேலே போயிற்று. ‘திட்டாத’ மூச்சே இல்லாமல் இறங்கிவிட்டது. எனக்குக் காது அப்படி. மனசு எங்கே கிடந்தாலும் காது அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் அந்த ஒரு பாதம் இரண்டு பாதமாயிற்று. படியிறங்கிப் போய்விட்டான்.

அந்த வாரமே எங்களுக்கு சீசனின் கடைசி எபிசோடு. இசாமு ஊருக்குத் திரும்பி வருகிறான். கட்டு இல்லாமல் வருகிறான். அம்மா வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே நின்று பேச வேண்டும். எழுதிக் கொடுத்திருந்த வரி என்ன தெரியுமா? ‘தாயே, என்னை இவ்விதமே ஏற்றுக்கொள்ள மாட்டீர்களா?’ எந்தப் பிள்ளை அம்மாவிடம் இப்படிப் பேசும்? போதாததற்கு வாயசைவில் உட்காரவே இல்லை. அவன் வாய் கொஞ்சம் திறந்து மூடி, ஒரு இடைவெளி விட்டு, மறுபடியும் திறந்து மூடுகிறது. இது நீளமாக ஓடுகிறது. அந்த மாதிரி இடத்தில் ஆர்ட்டிஸ்டே ஒரு வரி போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். எட்வின் மைக்கில், ‘அக்கா, உங்களுக்கு ஏதாவது தோணுதா?’ என்றான்.

தோன்றியது.

ஒரே டேக். உதட்டில் அப்படியே உட்கார்ந்தது, அதற்கென்றே வரைந்த மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்வின் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். அப்புறம் உள்ளே வந்து, ‘எங்கேர்ந்துக்கா புடிச்சீங்க இத?’ என்றான். ‘அனுபவம்டா’ என்றேன்.

உனக்கும் தெரியுமா அந்த வரி? எங்கே, சொல்லு பார்ப்போம். இல்லை, ‘திட்டாத’வை இழுக்காதே. அங்கே மூச்சே இருக்கக் கூடாது. திரும்பச் சொல்லு. ஆங், அப்படித்தான். நன்றாக வருகிறதே உனக்கு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொல்கிற மாதிரி மீம் போட்டார்கள். பனியனில் அச்சடித்து விற்கிறார்களாம். இன்றைக்குப் பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். உன்னை நீயே ஏற்றுக்கொள் என்று பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லி அந்த வரியில் முடித்துவிடுங்கள் மேடம் என்று தாளாளரே சொல்லியிருக்கிறார்.

திலீபனும் கேட்டிருக்கிறான். மெசேஜ் போட்டான். ‘அம்மா, அது என்னோடது.’ அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை? இல்லை. உன்னோடது என்னோடது என்று இதில் என்ன இருக்கிறது? மைக் முன்னால் பேசினால் அது கம்பெனிக்குச் சொந்தம். எனக்கே சொந்தமில்லை. நான் பதில் போடவில்லை. அவனும் அதற்கப்புறம் எதுவும் போடவில்லை.

அத்தோடு எனக்கும் முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், எங்கெங்கேயோ போய்விட்டேன். அடுத்த சீசன் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்க எட்வினுக்கு போன் செய்தேன். தயங்கினான். ‘கோதைக்கா, அவனுக்கு மீச மொளச்சிருச்சுக்கா’ என்றான். இசாமு வளர்ந்துவிட்டானாம். ஆம்பளைக் குரல் போடச் சொல்லிவிட்டார்களாம். புதுப் பையன் ஒருத்தன் பேசுகிறான். கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அந்தக் கட்டை அவன் சுமந்த அத்தனை வருடமும் நான் பேசினேன். கட்டை அவிழ்த்ததும் நான் வேண்டாமா? ஒரே நாளில் ஒரு ஆளுடைய குரலை மாற்றிவிட்டு, இதுதான் இனிமேல் இசாமு என்றால், எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? நீயே சொல்லு. நீங்களெல்லாம் ஏற்றுக்கொண்டுவிட்டீர்களே.

அந்தக் கதவு திறந்ததா? எங்கள் எபிசோடு கதவு மூடியிருக்கும்போதே முடிந்துவிடும். அவன் கேட்பான், அப்படியே முடியும். அம்மா என்ன சொன்னாள் என்பது புது சீசனில்தான் வருகிறதாம். நீ பார்த்திருப்பாய்.

வேண்டாம், சொல்லாதே.

இப்போது குரலும் இறங்கிக்கொண்டு வருகிறது. வயசு. டாக்டர் பார்த்துவிட்டு, இது நோய் இல்லை, இனி இப்படித்தான் என்றார். மேல் ஸ்தாயிக்குப் போனால் கிழிகிறது. இன்றைக்கு எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். அடுத்த ஆண்டுவிழாவுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் போன் அடித்தால் இன்னும் தம்பி என்கிறார்கள், இப்போது சில பேர் அண்ணே என்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

அதனால்தான் அவனைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நானாகத்தான் இறங்கி வந்தேன். அதை நீ குறித்துக்கொள். மெசேஜை இசாமு குரலிலேயே பேசி அனுப்பினேன், சிரிப்பான் என்று. ‘டேய் திலீபா, பஸ் ஸ்டாண்டுக்கு வா. பேன்ட் சட்டையில வா. வேற எப்பிடி வந்தாலும் நான் பாக்க மாட்டேன்.’ அவ்வளவுதான். பத்து நிமிடம்தானே கேட்கிறேன். மற்ற நேரமெல்லாம் அவன் இஷ்டம், நான் ஒன்றும் சொல்லவில்லையே. பத்து நிமிடம் ஒரு பேன்ட் சட்டை போட்டுக்கொள்ள முடியாதா, பெற்றவளுக்காக?

இதோ, மேம்பாலம் இறங்குகிறது. திண்டிவனம்தானே?

எல்லாரும் டீ குடிக்க இறங்குகிறார்கள். நீ இறங்கவில்லையே? இரு. எனக்குத் தூரத்துப் பார்வை சரியில்லை, நீயும் பார். என்னைவிட ஒரு சாண் உயரம். மாநிறம். கண்ணாடி போட்டிருப்பான். பேன்ட் சட்டை. அந்த நீலச் சட்டையா? இல்லை, அவன் பை தூக்குகிறவன். அந்தத் தூணுக்குப் பக்கத்தில்? இல்லை. இவ்வளவு பெரிய ஆளா.

யார்? அந்தப் பெண்ணா? வாட்டர் பாட்டில் கடைப் பக்கம், மஞ்சள் சுடிதார். ஆமாம், பார்த்தேன். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். யாரையோ தேடுகிறாள், பாவம். கண்ணாடி போட்ட பெண்கள் ஊரில் எத்தனையோ பேர். பொட்டு கொஞ்சம் பெரிசு. முகத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. யாரோ பெற்ற பெண்.

நீ அந்தப் பக்கம் பாரேன். கழிப்பறைப் பக்கம். பேன்ட் சட்டை.

நின்றுவிட்டாள். நமக்கு நேராக. ஒரு காலைத் தூக்கி முழங்காலில் வைத்துக்கொண்டு. சுடிதார் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு நடுவில் யாராவது அப்படி நிற்பார்களா?

என்னை ஏன் பார்க்கிறாய்?

வரவில்லை. நீல டிக் விழுந்தும் வரவில்லை. நீ சாட்சி. நான் வந்தேன், அவன்தான் வரவில்லை.

ஏதோ சொல்கிறாளா? இந்த ஹாரன் சத்தத்தில் என்ன கேட்கும். வாய் அசைகிறது, அது தெரிகிறது. உதடு ஒரு தடவை ஒட்டித் திறக்கிறது. சின்ன வார்த்தை. அந்த வாயசைவுக்கு எத்தனையோ வார்த்தை உட்காரும். எனக்குத் தெரியாதா, இதுதானே என் தொழில். எத்தனையோ வார்த்தை உட்காரும்.

ஷட்டரை இறக்கிவிடும்மா. காற்று எனக்கு ஆகாது.

பஸ் நிற்கிறதா? தெரியும். இப்போது கிளம்பிவிடும். நீ இறக்கு.